பார்க்கிங் மும்மொழிக் கல்வெட்டு

தான் கடலோடி வம்சத்தில் பிறந்தவர் என்பது ஞானேஸ்வரனுக்கு அறுபது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதுவரை அவர் லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் கோப்பை விற்றுக்கொண்டிருந்தார்.

கோப்பை என்றால் சாப்பாட்டுக் கோப்பை, தட்டு. கூடவே கிண்ணம், கரண்டி, கலியாண மண்டபத்துக்கான பிளாஸ்டிக் பூ, சுவிட்ச் போட்டால் எரியும் குத்துவிளக்கு. எல்லாம் சீனாவிலிருந்து கொள்கலனில் வந்து இறங்கும். கிழக்கு லண்டனில் அவருடைய கோப்பையில் சாப்பிடாத தமிழர் கிடையாது. ஆகவே ஊர் அவருக்கு ‘கோப்பை ஞானம்’ என்று பெயர் வைத்திருந்தது. முகத்துக்கு முன்னால் ‘ஞானம் அண்ணை’ என்பார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மற்றது. இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டாவது பெயர் சுட்டது. அதைக் கழற்றி எறிய வழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பாலேந்திரா கடைக்குள் வந்தார்.

பாலேந்திரா பக்கத்து ஊரான செவன் கிங்ஸில் வீட்டுக்கடன் ஆலோசகர். கிழமை நாட்களில் வாடிக்கையாளரின் வருமானத்தைப் பெருப்பித்து எழுதுவார். சனி ஞாயிறுகளில் தமிழரின் வரலாற்றை.

“அண்ணை, நீங்கள் யாழ்ப்பாணத்திலை அல்லைப்பிட்டி தானே?” என்று போனை நீட்டினார். “உங்கடை ஊர்க் கடற்கரையிலை தொள்ளாயிரம் வருசத்துக்கு முந்தின சீனப் பாத்திரத் துண்டுகள் கிண்டி எடுத்திருக்கினம். தெரியுமோ?”

“ஓம், சின்ன வயசிலை கேள்விப்பட்டனான். வெள்ளைக்காரன் ஒருவன் வந்து குந்தியிருந்து கிண்டினவன்.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

ஞானேஸ்வரன் யோசித்தார். “சீனாக்காரன் கொண்டுவந்து வித்திருக்கிறான்.”

“அண்ணை!” பாலேந்திராவின் குரலில் உண்மையான வலி இருந்தது. “உங்கடை மூதாதையர் கப்பல் கட்டி, சீனாவுக்குப் போய், அங்கை ஆட்சி செய்து, அள்ளிக்கொண்டு வந்திருக்கினம். நீங்கள் இண்டைக்குச் சீனாவிலை இருந்து சாமான் இறக்கிறது சும்மா தற்செயலே? ரத்தம், அண்ணை. அது ரத்தத்திலை ஓடுது.”

கொள்கலன் இறக்கும் வேலை தன் ரத்தத்தில் ஓடுகிறது என்று ஞானேஸ்வரன் ஒருநாளும் நினைத்ததில்லை. முதுகு வலியில்தான் அது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கேட்க இனிமையாக இருந்தது. பாலேந்திரா தொடர்ந்தார். அறுநூறு வருடத்துக்கு முன்னால் பெரும் கப்பற்படையோடு இந்து சமுத்திரத்தைச் சுற்றிய சீன அட்மிரல் செங் ஹோ உண்மையில் தமிழன். பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா? செங்கோ. செங்கோடன் என்பதன் சுருக்கம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆளாக இருக்கவேண்டும். திருச்செங்கோட்டுக்குக் கடல் கிடையாது என்பது பாலேந்திராவைத் தடுக்கவில்லை.

கடையை விட்டு வெளியே வரும்போது, தான் நடத்தவிருந்த மாநாட்டின் செலவை ஞானேஸ்வரன் ஏற்கும் அனுசரணை வாக்குறுதி பாலேந்திராவின் கையில் இருந்தது. ‘சீனம் ஆண்ட செந்தமிழர் மாநாடு’, இடம் மனோர் பார்க். மாநாட்டில் ஞானேஸ்வரனுக்கு ‘கடல்வணிகச் சக்கரவர்த்தி’ என்ற பட்டம் வழங்கப்படும். மண்டப வாசலில் ஒரு மும்மொழிக் கல்வெட்டும் திறக்கப்படும்.

ஞானேஸ்வரனின் மனைவி செல்வமலர் அன்று மாலை இதைக் கேட்டபோது கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார்.

“கல்வெட்டோ? செத்த வீட்டிலை முப்பத்தோராம் நாள் அச்சடிச்சுக் குடுக்கிற புத்தகமெல்லோ கல்வெட்டு? உங்களுக்கு என்ன அவசரம்?”

“உமக்கு வரலாறு விளங்காது. நாங்கள்தான் சீனனுக்கு எல்லாம் பழக்கினது.”

செல்வமலர் அகப்பையால் சட்டியைத் தட்டினார். “இது என்ன சட்டி?”

“சீனச்சட்டி.”

“தேத்தண்ணிக்கு என்ன போடுறனீங்கள்?”

“சீனி.”

“தீபாவளிக்கு என்ன கொளுத்துறனீங்கள்?”

ஞானேஸ்வரன் ஒரு கத்தரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டார். சீனவெடி என்று சொன்னால் விவாதம் முடிந்துவிடும்.

“எல்லாத்திலையும் அவன்ரை பேர் கிடக்கு. நீங்கள் அவனுக்கு என்னத்தைப் பழக்கினனீங்கள், கத்தரிக்காய் பொரிக்கவோ?”

ஆனாலும் கல் வேலை தொடங்கிவிட்டது. லண்டனில் கல் வெட்டக் கேட்ட விலையில் ஞானேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. சீனாவில் அவருக்குக் கோப்பை அனுப்பும் லின் என்பவரிடம் சொன்னார். லின்னின் ஊர் சுவான்ஜோ துறைமுகத்துக்குப் பக்கத்தில். அந்தப் பக்கம் கல் தச்சர்களுக்குப் பெயர் போனது. லின் உடனே ஒப்புக்கொண்டார். சீனரை ஆண்டதைக் கொண்டாடும் கல் சீனாவில் வெட்டப்பட்டு, கோப்பைகளோடு அதே கொள்கலனில் வருவது என்று முடிவாயிற்று. இதில் யாருக்கும் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

தமிழ் வாசகத்தைப் பாலேந்திரா எழுதினார். ஆங்கில வாசகத்தையும் அவரே எழுதினார், ஆனால் அது வேறு. உள்ளூராட்சிக் கவுன்சிலின் சமூக நிதிக்கு விண்ணப்பிக்கும்போது ‘சீனம் ஆண்ட’ என்று போட முடியாது அல்லவா? ஆகவே ஆங்கிலத்தில் மாநாடு முதியோர் நலத் திட்டமாக இருந்தது. சீன வாசகத்தை என்ன செய்வது என்று கேட்டபோது, “லின் தன்ரை பாசையிலை தானே போடட்டும், எல்லாம் நட்புத்தானே” என்றார் ஞானேஸ்வரன். லின்னுக்கு அப்படியே மின்னஞ்சல் போயிற்று: உங்கள் மொழியில் நீங்களே எழுதுங்கள், நட்பைப் பற்றி.

மாநாட்டுக்கு ஒரு படித்த முகம் தேவைப்பட்டது. செல்வமலரின் தங்கை மகள் கஜந்தினி ஒரு பல்கலைக்கழகத்தில் பழைய சீன ஏற்றுமதிப் பாத்திரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். முப்பதைத் தொடும் வயது, சீனமும் படித்தவள். குடும்பத்தில் அவளுடைய வேலையை ‘உடைஞ்ச சட்டிப் படிப்பு’ என்பார்கள். இப்போது திடீரென்று அவள் ‘எங்கடை பிள்ளை’ ஆகிவிட்டாள். ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பாலேந்திராவும் வந்திருந்தார்.

“மும்மொழிக் கல்வெட்டு ஐடியா நல்லது, பெரியப்பா,” என்றாள் கஜந்தினி. “இலங்கையிலை காலிப் பட்டினத்திலை கண்டெடுத்த கல்லும் அப்பிடித்தான். செங் ஹோ கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூண்டும் இருக்கு.”

“பாத்தீங்களே!” என்றார் பாலேந்திரா.

“ஆனா மூண்டிலையும் ஒரே விசயம் இல்லை, அங்கிள். சீனத்திலை இந்தக் காணிக்கை எல்லாம் புத்தருக்கு எண்டு இருக்கு. தமிழிலை தேவேந்திரமுனைப் பெருமாளுக்கு. பாரசீகத்திலை இஸ்லாத்துக்கு. காணிக்கை ஏறக்குறைய ஒண்டுதான். ஒவ்வொருத்தரும் தன்ரை பக்கத்தை வாசிச்சுப்போட்டு, எங்களுக்குத்தான் மரியாதை எண்டு சந்தோசமாப் போயிருப்பினம். ரெண்டு வருசத்தாலை அதே ஆள் அங்கத்தைய சிங்கள ராசாவைப் பிடிச்சுக் கப்பலிலை ஏத்திக்கொண்டு போனவர்.”

“அது எங்கடை ராசா இல்லைத்தானே,” என்றார் பாலேந்திரா.

கஜந்தினி மறுபடி முயன்றாள். “கடல் வியாபாரத்திலை எல்லாருக்கும் விளங்கிற மொழியாத் தமிழ் இருந்திருக்கு. அதாலைதான் சீனாக்காரன் மினக்கெட்டுத் தமிழிலை வெட்டினவன். சுவான்ஜோவிலை தமிழ் வியாபாரிகள் சிவன் கோயிலே கட்டியிருக்கினம். கல்வெட்டு இருக்கு. அங்கை கடை வைச்சு, குடும்பம் நடத்தி இருந்தவை. அது உண்மை. அதுக்குப் பெருமைப்படலாம். அது போதாதா?”

“போதாது,” என்றார் பாலேந்திரா. “பிறகு, கடை எண்ட சொல்லை மேடையிலை பாவியாதையும், பிள்ளை.”

“அல்லைப்பிட்டிச் சாமான்?” என்று கேட்டார் ஞானேஸ்வரன். அவருக்கு அதில்தான் கண். “அது அரசகுலத்துப் பாத்திரமெல்லோ?”

“இல்லை, பெரியப்பா. பெரும்பாலும் மலிவான சாமான். சூளையிலை ஒண்டுக்கு மேலை ஒண்டா அடுக்கிச் சுட்டு, மொத்தமா ஏத்தி அனுப்பிற வகை. சண்டைக்குப் போனவை கொண்டுவந்தது இல்லை. மொத்த வியாபாரம்.”

ஞானேஸ்வரனின் முகம் விழுந்தது. தொள்ளாயிரம் வருடம் பின்னால் போயும் அவருக்குக் கோப்பையிலிருந்து தப்ப முடியவில்லை.

மாநாட்டு நாள் வந்தது. மண்டப வாசலில், பக்கத்துக்கு ஒரு மொழியாக வெட்டிய ஆளுயரக் கருங்கல், பட்டுத் துணி போர்த்தி நின்றது. உள்ளே ஆய்வுரைகள் நடந்தன. சம்பான் என்ற படகுப் பெயர் தமிழ்தான் என்று ஒருவர் நிறுவினார். சீனப் பெருஞ்சுவர் வன்னி மேசன்மாரின் கைவண்ணம் என்று இன்னொருவர். கேட்டவர்கள் கை தட்டினார்கள், ஆனால் கண் சமையல்கட்டுப் பக்கம் இருந்தது. ரோல்ஸ் பொரிகிற மணம் வரலாற்றைவிடப் பலமாக வந்துகொண்டிருந்தது.

பாலேந்திரா எழுதிய ‘கடல்வணிகச் சக்கரவர்த்தியின் வாழ்க்கைக் குறிப்பு’ ஒவ்வொரு கதிரையிலும் வைக்கப்பட்டிருந்தது. ‘ஜெர்மனியில் உணவகத் துறையில் உயர் பொறுப்புகளை வகித்தபின் லண்டன் எழுந்தருளினார்’ என்று அதில் இருந்தது. உயர் பொறுப்பு எது என்று கேட்க மண்டபத்தில் யாருக்கும் துணிவில்லை. ஏனென்றால் அங்கிருந்த பாதிப் பேர் அதே பொறுப்பை டோர்ட்முண்டிலும் பாரிசிலும் சூரிச்சிலும் வகித்தவர்கள்.

கல் திறக்க எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். கவுன்சிலர் அம்மா ஒருவர் வந்திருந்தார். ஒரு கண்காட்சிக்காக லண்டன் வந்திருந்த லின் மனைவியோடு முன்வரிசையில் நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் புதுச் சப்பாத்தும். தன் நண்பனுக்காக எழுதிய வாசகத்தைத் திறக்கும் நாள் அது என்பதால் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

துணி விலகியது. கை தட்டல். பாலேந்திரா ஒலிவாங்கியைக் கஜந்தினியிடம் நீட்டினார். “இப்ப எங்கடை பிள்ளை மூண்டு மொழியிலும் வாசிச்சுக் காட்டுவா! சீனமும் படிச்ச பிள்ளை!”

கஜந்தினி கல்லின் சீனப் பக்கத்தைக் கண்ணால் ஓட்டினாள். பாலேந்திராவின் காதுக்குள் கேட்டாள்: “அங்கிள், நீங்கள் இதை ஆரிட்டையாவது காட்டினனீங்களா?”

“மூண்டும் ஒண்டுதான் பிள்ளை, வாசியும், வாசியும்.”

அவள் தமிழை வாசித்தாள். “அலைகடலை அடக்கியாண்டு, திசையறியாது தவித்த சீனர்க்குக் கலம் செலுத்தக் கற்பித்து, அவர்தம் நாட்டையும் ஆண்ட செந்தமிழர் வீரத்தின் நினைவாக...” பலத்த கைதட்டல். கவுன்சிலர் அம்மாவும் தட்டினார். லின்னும் தட்டினார். ஆங்கிலத்தை வாசித்தாள். முதியோரின் உடல் நலத்துக்கும், தனிமை போக்கலுக்கும், மென்மையான உடற்பயிற்சிக்கும் இக்கல் அர்ப்பணம். கவுன்சிலர் அம்மா நெகிழ்ந்து தலையாட்டினார். தமிழர்கள் இதற்கும் தட்டினார்கள்.

பிறகு சீனம். அதை வாசித்தபோது லின்னின் மனைவி கண்ணைத் துடைத்தாள். “கருத்து, பிள்ளை! கருத்தைச் சொல்லும்!” என்று பாலேந்திரா உற்சாகத்தில் கத்தினார்.

கஜந்தினி பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் மாலையும் கழுத்துமாய்ச் சிரித்தபடி தலையாட்டினார். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

“ஞானா எங்கள் நண்பர். ஜெர்மனியில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவியவர். ஈரக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் இருந்த எழுத்தைப் பார்த்து, இது எந்த ஊர் என்று கேட்டவர். யாரும் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு எங்கள் ஊர்வரை வந்தார். முதல் நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டபின், விருந்தாளி என்று தடுத்தும், எழுந்துபோய் எல்லாக் கோப்பையையும் கழுவி வைத்தார். அன்றிலிருந்து அவரோடு வியாபாரம் செய்கிறோம். கடல் பெரிது. அதைக் கோப்பைகள் கடக்கின்றன.”

பிறகு பின்னாலிருந்து யாரோ ‘களுக்’ என்று சிரித்தார்கள். அது பரவியது. நாலைந்து போன்கள் உயர்ந்தன. பாலேந்திரா ஒலிவாங்கியைப் பறித்து, “சீன மொழியில் கழுவுதல் என்றால் கடல் கடத்தல் என்றும் பொருள்...” என்று தொடங்கினார். அவருக்குச் சீன மொழி தெரியாது என்பதை அந்த நேரத்தில் அவரே மறந்துபோயிருந்தார்.

கவுன்சிலர் அம்மா கஜந்தினியிடம் திரும்பி, ஏன் சிரிக்கிறார்கள், தமிழில் என்னதான் எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கஜந்தினிக்குப் பொய் வரவில்லை. சொன்னாள். உடற்பயிற்சியைக் காணோம் என்று அறிந்த கவுன்சிலர் அம்மாவின் முகம் மெல்ல மாறியது. லின்னும் ஆங்கிலத்தில் அதைக் கேட்டுவிட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“எங்கள் ஊரிலும் ஒரு மாமா இருக்கிறார்,” என்றார் ஆங்கிலத்தில், பாலேந்திராவின் தோளைத் தட்டி. “அமெரிக்காவைக் கண்டுபிடித்தது எங்கள் தெருக்காரன் என்று சொல்வார். நீங்கள் இரண்டு பேரும் சந்திக்க வேண்டும்.”

ஞானேஸ்வரன் அசையாமல் நின்றார். அவருடைய கண் கல்லின் சீன எழுத்துகளிலேயே நின்றது. அந்த விருந்து அவருக்கு நினைவிருந்தது. தான் கோப்பை கழுவியதை லின் வீட்டில் ஏதோ ஒரு உற்சாகத்தில் சொன்னதும் நினைவிருந்தது. அதை அந்த மனிதன் இருபது வருடம் மறக்காமல் வைத்திருந்து கல்லில் வெட்டுவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவமானம் காதுவரை ஏறியது. அதோடு வேறு ஏதோவும் ஏறியது. அதற்குப் பெயர் தெரியாமல் மூக்கை உறிஞ்சினார்.

பாலேந்திரா பக்கத்தில் வந்து முணுமுணுத்தார். “அண்ணை, பயப்பிடாதையுங்கோ. நாளைக்கே ஆளைப் பிடிச்சுச் சீனத்தைச் சுரண்டிப்போட்டு, அந்த இடத்திலை ஒரு புலி... சீ, ஒரு கப்பல் படம் போடுவம்.”

“தொடாதை,” என்றார் ஞானேஸ்வரன்.

“அண்ணை?”

“கல்லிலை கை வைச்சியெண்டால் தெரியும். அதிலை உண்மை எண்டு கிடக்கிறது அது ஒண்டுதான்.”

அந்த வாக்கியம் அவர் எழுதி மனப்பாடம் செய்திருந்த உரையில் இல்லை. அந்த உரையை அவர் நிகழ்த்தவும் இல்லை. சனம் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. ரோல்ஸ் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

காணொளி அன்று மாலைக்குள் டோர்ட்முண்டுவரை போய்ச் சேர்ந்தது. ஞானேஸ்வரன் கொஞ்சக் காலம் கோயிலுக்கும் போகவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், போன் வந்துகொண்டே இருந்தது. சுவிசில் பெரிய உணவகம் வைத்திருக்கும் ஒருவர், பாரிசில் இரண்டு கடை வைத்திருக்கும் இன்னொருவர். எல்லோரும் குரலைத் தாழ்த்தி ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். “அண்ணை, நானும் தான். மனுசிக்குத் தெரியும், பிள்ளையளுக்குச் சொல்லேல்லை.” ஒருவர்கூடத் தன் பெயரை வெளியே சொல்ல அனுமதி தரவில்லை.

மண்டபக்காரர் கல்லை எடுக்கச் சொன்னார்கள். கவுன்சில் மிகப் பணிவாக ஒரு விளக்கம் கேட்டது. பாலேந்திரா அன்றிலிருந்து தமிழ்ச் சங்கத்தில் ஞானேஸ்வரனைத் தெரியாதவர் போல நடந்துகொண்டு, ஜப்பான் ஆண்ட தமிழரைப் பற்றி எழுதத் தொடங்கினார். கடைசியில் ஞானேஸ்வரன் தன் பார்க்கிங் கிடங்கின் வாசலுக்கே கல்லைக் கொண்டுவந்தார். தமிழ்ப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தார். ஆங்கிலப் பக்கத்தில் டெலிவரிக்காரர்கள் சைக்கிளைச் சாய்த்தார்கள்.

செல்வமலர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். “உங்களுக்குக் கோப்பை கழுவ இவ்வளவு விருப்பம் எண்டால் வீட்டிலை ஏன் தொடுறேல்லை?”

சில மாதங்கள் கழித்துக் கஜந்தினி பல்கலைக்கழகத்தில் ஒரு பேச்சு நிகழ்த்தினாள். கடலில் மூழ்கிய ஒரு பழைய கப்பலில் கிடந்த, ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய சீனக் கோப்பைகளைப் பற்றி. ஞானேஸ்வரனும் செல்வமலரும் எலிசபெத் லைன் ரயிலில் ஏறிப் போனார்கள். முதல் அரை மணி நேரம் ஞானேஸ்வரன் தூங்கினார். பெரிய தாழிகளுக்குள் கோப்பைகளைச் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியதைக் கஜந்தினி படத்தில் காட்டியபோது விழித்துக்கொண்டார். கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினார். கேள்வி கேட்கவில்லை. தனக்குச் சென்ற வருடம் வந்த கொள்கலனில் எத்தனை உடைந்தது, கப்பல் கம்பனி எப்படி ஏமாற்றியது, கோப்பை சுற்றிவந்த குமிழ்த்தாள் எவ்வளவு மட்டம் என்று சொல்லத் தொடங்கினார். தலைமை தாங்கிய பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்த்தார். செல்வமலர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார்த்தினார்.

ஆனால் படத்தில் இருந்த ஒரு கோப்பை அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. பழுப்புக் கோட்டில் ஒரு மீன், சுற்றிப் பச்சைப் புள்ளிகள், யாரோ அவசரத்தில் கீறியது போல. அதைப் போனில் படம் பிடித்து லின்னுக்கு அனுப்பினார். அடுத்த கொள்கலனில் அதே மீன் வந்து இறங்கியது. கலியாணக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

கஜந்தினி ஒரு பிள்ளையின் பூப்புச் சடங்கான சாமத்தியவீட்டில் அந்தக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் எடுத்தாள்.

“பெரியப்பா! அடியிலை ‘சோழர் காலக் கோப்பை’ எண்டு அடிச்சிருக்கிறியள்!”

“ஓம் பிள்ளை.”

“அது தாங் வம்சம், பெரியப்பா. சீனாவிலை செய்தது. சோழருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்ரை பேச்சிலை எத்தினை தரம் சொன்னனான்!”

“எனக்குத் தெரியும். ‘தாங்’ எண்டு போட்டால் சனம் என்னத்தைத் தாறது எண்டு கேக்கும். ஆர் வாங்குவினம்?”

“பொய் எழுதிறது பிழையில்லையா?”

ஞானேஸ்வரன் கொஞ்சம் யோசித்தார். “லின் சீனத்திலை சரியாத்தான் போட்டிருக்கிறான். விளங்கிறவை வாசிக்கட்டும்,” என்றார்.

மறுமுனையில் கஜந்தினி கோப்பையைத் திருப்பிப் பிடித்துத் தேடினாள். சோழர் காலத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், சீனத்தில் ஒரு வரி இருந்தது. பாத்திரம் கழுவும் மெஷினில் போடலாம் என்று.